பெர்த்திலிருந்து நிங்கலூ வரை: நண்பர்களோடு கேரவனில் போக முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு வடக்கே எக்ஸ்மவுத் வரைக்கும் போகிற கடற்கரையைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் சிவப்பு மண், மறுபக்கம் பச்சையும் நீலமுமாய்க் கடல், நடுவில் பல நூறு கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் சுமார் 1,250 கிலோமீட்டர். கரையிலிருந்து நீந்தியே போய்ப் பவளப்பாறையைப் பார்க்கலாம் என்பதுதான் எக்ஸ்மவுத்தை ஒட்டிய நிங்கலூ கடற்கரையின் பெருமை. 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம்.

இந்தப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கேரவன், எந்த வண்டி என்றுதான் முதலில் பேசுவார்கள். என் கணிப்பில் பயணத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எடை, தண்ணீர், ஒரு இடத்தில் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய கேரவனிலும் அருமையாகப் போய் வரலாம்.

முதலில் காலமும் நாள் கணக்கும்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் பருவம், வெயிலும் தாங்காது. 2021 ஏப்ரலில் செரோஜா புயல் கல்பாரியையும் நார்த்தாம்ப்டனையும் எப்படிச் சிதைத்தது என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, ஆகவே பருவத்தின் விளிம்பில் போகிறவர்கள் வானிலை அறிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். திமிங்கலச் சுறாவோடு நீந்த ஆசை என்றால் மார்ச் கடைசியிலிருந்து ஜூலைக்குள் திட்டமிடுங்கள். கூனல்முதுகுத் திமிங்கலம் ஜூனில் வரத் தொடங்கும், அதைக் கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஜூலையில் பள்ளி விடுமுறை வருவதால் இடம் கிடைப்பது சிரமம். மே மாதமும் ஆகஸ்ட் கடைசியும் எனக்குப் பிடித்தவை.

நாள் கணக்குக்கு வருவோம். இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் கேரவனை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக வேண்டாம், விமானத்தில் போய் எக்ஸ்மவுத்தில் வண்டி வாடகைக்கு எடுப்பதே நல்லது. இரண்டு வாரம் இருந்தால் போகும்போது இரண்டு இடங்கள், மேலே நிங்கலூவில் குறைந்தது ஐந்து இரவு, திரும்பும்போது வேகமாக இறங்கிவிடலாம். மூன்று வாரம் இருந்தால்தான் ஷார்க் பேயையும் கல்பாரியையும் சேர்க்கச் சொல்வேன். பட்டியலில் இடங்களை ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு நாளும் கேரவனை மாட்டுவதிலும் கழற்றுவதிலுமே போய்விடும், கடலில் கால் நனைக்க நேரம் இருக்காது. இதை நண்பர்கள் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் முதல் வேலை.

இடம் பதிவு செய்வது

நிங்கலூ கரையில் இருக்கிற கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் முகாம்களுக்கு மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில்தான் பதிவு. 180 நாள் முன்னாலேயே திறந்துவிடும், நல்ல மாதங்களுக்கு உடனே தீர்ந்தும்விடும். ஆஸ்ப்ரே பே, குர்ரஜாங், மெசா, நார்த் மாண்டு என்று வரிசையாகக் கடலோர முகாம்கள் உள்ளன. அவற்றில் குடிநீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, கழிப்பிடம் மட்டும் உண்டு. இரண்டு கேரவன்கள் பக்கத்துப் பக்கத்து இடங்களில் வேண்டுமென்றால் இரண்டு பேர் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எந்த நீளம் வரை கேரவன் போகலாம் என்று தளத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பூங்காவுக்குள் நாய் பூனை கூட்டிப்போக முடியாது, விறகு வைத்து தீ மூட்டவும் கூடாது.

இடம் கிடைக்காவிட்டால் கோரல் பேயிலும் எக்ஸ்மவுத்திலும் தனியார் கேரவன் பார்க்குகள் உண்டு. கார்னார்வனுக்கும் கோரல் பேக்கும் இடையே க்வோபா, நராலூ போன்ற பெரிய கால்நடைப் பண்ணைகளும் கடலோரத்தில் முகாமிட அனுமதிக்கின்றன. அதற்கும் வடக்கே சில கடலோர முகாம்களில் உங்கள் சொந்தக் கழிப்பறை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

எடை: எல்லாரும் தாண்டிப்போகிற கணக்கு

இதில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நெடுஞ்சாலையில் கேரவன் கவிழ்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாகிறது.

கேரவனின் தகட்டில் டேர், ஏ.டி.எம் என்று இரண்டு எண்கள் இருக்கும். டேர் என்பது காலி எடை, ஏ.டி.எம் என்பது எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக் கூடாத எடை. உதாரணத்துக்கு டேர் 2,100 கிலோ, ஏ.டி.எம் 2,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 400 கிலோ. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினால் அங்கேயே 190 கிலோ போயிற்று. இரண்டு 9 கிலோ எரிவாயு சிலிண்டர், உருளையின் எடையோடு சேர்த்தால் இன்னும் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல். மிச்சம் இருக்கும் 175 கிலோவுக்கும் குறைவான எடையில்தான் நான்கு பேரின் துணி, அரிசி மூட்டை, நாற்காலி, மேசை, மீன்பிடிச் சாமான், ஸ்னார்கல், கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. கேரவனின் முன்பகுதி உங்கள் வண்டியின் கொக்கியில் அழுத்துகிற எடையும் உண்டு, மொத்த எடையில் பத்து சதவீதம் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த 250 கிலோ உங்கள் வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். ஐந்து பேரை ஏற்றி, கூரைமேல் கூடாரம் வைத்து, பின்னால் குளிர்பெட்டியும் வைத்தால் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டிகூடத் தன் எல்லையைத் தாண்டிவிடும். எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடைக்குப் போய் வண்டியையும் கேரவனையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். எல்லை மீறியிருந்தால் விபத்து நடக்கும்போது காப்பீடு கைவிட்டுவிடலாம்.

ஏற்றும் முறையும் முக்கியம். கனமான சாமான் தாழ்வாக, அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னே. கடைசிப் பின்பகுதியில் கனம் வைத்தால் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கையருகே இருக்கும் கேரவன் பிரேக் கன்ட்ரோலரை மட்டும் அழுத்துங்கள். எல்லா ஓட்டுநர்களுக்கும் கிளம்பும் முன்பே அந்தப் பொத்தான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரிய வேண்டும்.

வாடகைக் கேரவன் என்றால் ஒப்பந்தத்தில் மண்சாலை பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் தார்ச்சாலை மட்டும்தான் அனுமதி.

தண்ணீரும் மின்சாரமும்

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். பாத்திரம், முகம், சிக்கனமான குளியல் சேர்த்தால் பத்து லிட்டர். நான்கு பேர், ஐந்து இரவு என்றால் 200 லிட்டர். இதைத் தொட்டியில் மட்டும் நம்பி வைக்காமல் 20 லிட்டர் கேன் இரண்டு தனியாக வண்டியில் வையுங்கள், தொட்டியின் குழாயைச் சாலைக் கல் அடித்து உடைத்தாலும் குடிக்கத் தண்ணீர் இருக்கும். கார்னார்வனிலும் எக்ஸ்மவுத்திலும் நிரப்பிக்கொள்ளலாம். வழியில் குழாயைக் கண்டால் அது ஆழ்துளைத் தண்ணீரா, குடிநீரா என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் தொட்டியில் விடாதீர்கள்.

பாத்திரம் கழுவும் முன் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம். குளியலுக்குக் கையால் அழுத்தித் தெளிக்கும் ஒரு பம்ப் குடுவை போதும், ஆளுக்கு மூன்று லிட்டரில் உப்பு போய்விடும். கழுவிய தண்ணீரைத் தரையில் விடக் கூடாத முகாம்கள் உண்டு, அதற்கு ஒரு தனித் தொட்டி அல்லது கேன் வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரு எளிய கணக்கு. 12 வோல்ட் குளிர்பெட்டி ஒரு நாளைக்குச் சுமார் 30 முதல் 50 ஆம்பியர்-மணி தின்னும். விளக்கு, பம்ப், கைபேசி சேர்த்து 60 என்று வையுங்கள். 200 வாட் சோலார் பேனல் ஒன்று நல்ல வெயிலில் ஏறக்குறைய அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் இருந்தால் மேகமூட்டமான ஒரு நாளைத் தாண்டலாம், பழைய ஏ.ஜி.எம் வகை என்றால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, அதனால் இரண்டு வேண்டும். கையில் தூக்கிவைக்கிற பேனல் எனக்குப் பிடிக்கும், கேரவன் நிழலில் நின்றாலும் பேனலை வெயிலுக்கு நகர்த்திவிடலாம்.

நண்பர்கள் கூடிப் பேச வேண்டியவை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லாரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். பணம் எப்படி: எரிபொருள், முகாம் கட்டணம், மளிகை மூன்றும் பொதுக் கணக்கில், படகுச் சுற்றுலா, பீர் போன்றவை அவரவர் கணக்கில் என்று பிரித்தால் மனக்கசப்பு வராது. வண்டிச் சொந்தக்காரருக்கு டயர் தேய்மானத்துக்கும் ஒரு தொகை வையுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

வேலைப் பங்கீடும் அப்போதே முடியட்டும். ஒருவருக்குத் தண்ணீரும் எரிவாயுவும், ஒருவருக்கு டயரும் கொக்கியும், ஒருவருக்கு மளிகை. கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வது சுழற்சி முறையில், விதிவிலக்கே இல்லாமல். அந்தப் பெட்டி கிட்டத்தட்ட 20 லிட்டர்தான் கொள்ளும், நான்கு பேர் என்றால் ஓரிரு நாளில் நிரம்பும், ஆகவே முகாமில் பொதுக் கழிப்பிடம் இருந்தால் பகலில் அதைப் பயன்படுத்துங்கள். காலி செய்வதற்கு ஊர்களில் டம்ப் பாயிண்ட் என்று தனி இடம் இருக்கிறது, வேறெங்கும் கொட்டக் கூடாது.

யார் அதிகாலையில் எழுவார், யாருக்குக் குறட்டை, யாருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நீச்சல் தெரியாதவருக்கு இந்தக் கரையில் செய்ய நிறைய இருக்கிறது, ஆனால் கூச்சத்தால் சொல்லாமல் ஆழத்தில் இறங்குவது ஆபத்து.

சாலையில்

கேரவனை மாட்டும்போது ஒருவர் செய்ய, இன்னொருவர் கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். கொக்கிப் பூட்டு விழுந்ததா, பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் குறுக்காக மாட்டியதா, பிரேக்அவே கம்பி (கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைப்பது), விளக்கு, முன்சக்கரம் மேலே தூக்கியது, கேரவனின் கைபிரேக் எடுத்தது, கூரை ஜன்னல் மூடியது, படி உள்ளே போனது, குளிர்பெட்டிக் கதவு பூட்டியது, எரிவாயு அடைத்தது. யாரும் பேச்சுக்கொடுக்காமல் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கும்போது அதிகபட்ச வேகம் 100. நான் 90 சொல்வேன், எரிபொருளும் குறையும், டயரும் சூடேறாது. எதிர்க்காற்றில் நூறு கிலோமீட்டருக்கு 18, 20 லிட்டர் போவது சாதாரணம், அதனால் பாதித் தொட்டி ஆனதும் அடுத்த ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலையோர எரிபொருள் நிலையம்) நிரப்புங்கள், விலை கூடுதல்தான் என்றாலும். ஓவர்லேண்டர் ரோட்ஹவுஸிலிருந்து கார்னார்வன் 200 கிலோமீட்டர், நடுவில் வூராமெல் ரோட்ஹவுஸ் மட்டும். கார்னார்வனிலிருந்து மினில்யா ரோட்ஹவுஸ் 140.

ரோடு ட்ரெயின் என்கிற பல பெட்டி லாரிகள் இங்கே 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். அது உங்களை முந்த வந்தால் உங்கள் தடத்திலேயே நிலையான வேகத்தில் போங்கள், ஓர மண்ணில் இறங்காதீர்கள், அது வெளியே வந்து முந்தத் தொடங்கியதும் லேசாக வேகம் குறையுங்கள். யு.எச்.எஃப் என்கிற இருவழி வானொலியில் அவர்கள் 40-வது சேனலில் இருப்பார்கள், கேரவன்காரர்கள் 18-ல். பின்னால் வருபவருக்கு இரண்டு சொல் சொன்னால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. இரண்டு வண்டியாகப் போகும்போது உங்களுக்குள் பேசவும் இதுவே உதவும், ஊருக்கு வெளியே கைபேசிச் சிக்னல் காணாமல் போய்விடும்.

பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். கங்காரு, ஆடு, ஈமு, மாடு எல்லாம் சாலைக்கு வரும் நேரம் அது. காலை எட்டுக்குக் கிளம்பி மதியம் மூன்றுக்குள் முகாம் சேருவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் சுகமாகப் போகலாம். எங்கே நின்றாலும் சக்கர மையத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு என்று அர்த்தம்.

எங்கே நிற்பது

முதல் இரவுக்கு ஜூரியன் பேக்கு வடக்கே சாண்டி கேப் நல்ல இடம், மணல்மேட்டுக்குக் கீழே கடலை ஒட்டி. வழியில் செர்வான்டிஸ் பக்கம் பினக்கிள்ஸ் சுண்ணாம்புத் தூண்கள். அப்புறம் ஜெரால்டன், பெரிய கடைகளில் மளிகை வாங்க அதுதான் வசதி.

ஷார்க் பே போவதென்றால் ஓவர்லேண்டரிலிருந்து இடப்பக்கம் 130 கிலோமீட்டர் உள்ளே டென்ஹாம். 1991-லேயே உலகப் பாரம்பரியமான இடம். அதன் ஹாமலின் பூல் குடாவில் கடல்நீரைவிட இருமடங்கு உப்பு, அதனால்தான் நுண்ணுயிர்கள் கட்டிய ஸ்ட்ரொமட்டோலைட் பாறைகளை மேய்ந்து அழிக்கிற உயிர்கள் அங்கே வருவதில்லை, பூமியில் உயிர் தொடங்கிய காலத்தின் வடிவத்தை இன்றைக்கும் நேரில் பார்க்க முடிகிறது. என்னை மிகவும் பாதித்த இடம் இது, மங்கி மயா டால்பின்களைவிட.

கார்னார்வனில் வாழைத்தோட்டங்கள். சாலையோரத் தோட்டக் கடைகளில் பழமும் காய்கறியும் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து 75 கிலோமீட்டரில் பாயிண்ட் க்வோபா, பாறைத் துளை வழியே கடல் பீறிட்டு மேலே அடிக்கும். அரசன் அலை (திடீரென்று எழும் பெரிய அலை) ஆளைக் கொல்லும் என்ற பொருளில் பெரிய எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அது உண்மையிலேயே உயிர்கள் போன பிறகு வைத்தது, பாறை ஈரமாக இருக்கும் இடம் வரை போகவே கூடாது. 1941 நவம்பரில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஜெர்மானியக் கப்பல் கோர்மொரானோடு போரிட்டு 645 பேரோடு மூழ்கியது. அதில் தப்பிய ஜெர்மானியர்களில் சிலர் படகில் வந்து ஒதுங்கியது இந்தக் கரையில்தான், நினைவுக்கல் இருக்கிறது. தார்ச்சாலை இங்கே முடிகிறது. மேலே ரெட் ப்ளஃப், நராலூ போகிற பாதை அலையலையாகக் குலுக்கும் மண்சாலை. அதற்குத் தகுந்த கேரவன் இல்லை என்றால் திரும்பிவிடுங்கள். தகுந்தது என்றாலும் டயர் காற்றைக் கணிசமாகக் குறைத்து மெதுவாகப் போங்கள், மென்மணலில் 18 பி.எஸ்.ஐ வரை இறக்க வேண்டிவரும், திரும்ப ஏற்ற ஒரு காற்றடிப்பான் கையில் இருக்கட்டும்.

கேப் ரேஞ்சுக்கு எக்ஸ்மவுத்தின் வடமுனையைச் சுற்றித் தார்ச்சாலை யார்டி க்ரீக் வரை போகிறது. அந்த ஓடையைத் தாண்டி தெற்கே மணலில் கேரவன் போகாது. முகாமில் காற்றுத் தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும், கேரவனின் முன்பக்கத்தை அந்தத் திசைக்கு வையுங்கள். முதலில் சக்கரக் கட்டை, பிறகு கொக்கியைக் கழற்றுவது, இந்த வரிசை மாறக் கூடாது. நாலு மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், அவற்றால் கேரவனைத் தூக்க முயன்றால் வளைந்துவிடும். வெளியே போகும்போதும் தூங்கும்போதும் நிழற்கூரையைச் சுருட்டிவிடுங்கள்.

கடலில் இறங்கும்போது

டர்காய்ஸ் பேயில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். கரையில் தெற்கே நடந்து, இறங்கி, பவளத்தின் மேல் மிதந்து வந்து, மணல்திட்டு முனைக்கு முன்பே கரையேற வேண்டும். தவறவிட்டால் பாறையில் உள்ள இடைவெளி வழியாக நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுக்கும். இரண்டிரண்டு பேராக இறங்குங்கள், மூன்றாமவர் கரையேறும் இடத்தில் நிற்கட்டும். ஆய்ஸ்டர் ஸ்டாக்ஸில் ஓதம் 1.2 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் இறங்கலாம், குறைவாக இருந்தால் வயிறு பவளத்தில் உரசும், உங்களுக்கும் காயம், பல ஆண்டுகள் வளர்ந்த பவளத்துக்கும் காயம். அதன்மேல் ஒருபோதும் நிற்காதீர்கள். சன்ஸ்கிரீனைவிட முழுக்கைச் சட்டை நல்லது. அழகாக இருக்கிற கூம்புச் சங்கை எடுக்க வேண்டாம், அதில் விஷம் உண்டு.

மீன் பிடிக்க: கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் வேண்டாம், இயந்திரப் படகிலிருந்து என்றால் வேண்டும். காப்பு மண்டலங்களில் பிடிக்கவே கூடாது, அவை எங்கே என்று பூங்கா வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

பிரஷர் குக்கர் கட்டாயம். பருப்பும் அரிசியும் ஒரே குக்கரில் அடுக்கி வேகவைத்தால் எரிவாயுவும் தண்ணீரும் பாதிதான். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித்தொக்கு வீட்டிலேயே செய்து எடுத்துவந்தால் முதல் வாரம் கவலையில்லை. இட்லி மாவை மூடி இறுக்கி அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், சாலைக் குலுக்கலில் பொங்கி வழியும், பாதி அளவுக்கே ஊற்றுங்கள். நண்பர்கள் கூடும் இரவில் புதிதாகப் பிடித்த மீனும் ரசமும் போதும்.

ஆபத்து வந்தால்

சிக்னல் இல்லாத இடம் என்பதால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி ஒன்றை வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து வையுங்கள், சொந்தமாக வாங்கினால் பதிவு செய்யவும் மறக்க வேண்டாம். சிக்னல் இருந்தால் அவசர எண் 000. பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாமல், அகலமான பட்டையால் கை அல்லது கால் முழுக்க இறுக்கிச் சுற்றி, ஆளை அசையவிடாமல் வைத்து உதவி கேளுங்கள். விஷமுள்ள கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும். எக்ஸ்மவுத்திலும் கார்னார்வனிலும் மருத்துவமனை உண்டு. ஊரில் ஒருவரிடம் உங்கள் முகாம்களும் தேதிகளும் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள், எந்த நாளுக்குள் பேசவில்லை என்றால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

திரும்பி வந்ததும்

கேரவனின் அடிப்பகுதியை, பிரேக், கொக்கி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவுங்கள், அந்த வாரமே, உப்பு காத்திருக்காது. தண்ணீர்த் தொட்டிகளை முழுதாக வடித்து, சோலார் வயர்களின் முனைகளைத் துடைத்து, குளிர்பெட்டிக் கதவைத் திறந்தே வைத்து, மெத்தைகளை வெயிலில் ஒரு நாள் காயவிட்டு அப்புறம் மூடுங்கள். பொதுக்கணக்கையும் அதே வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.